ஆழ்கடல் ஆக்சிஜன்: ஒரு செலவுக் கணக்கு

ஆழ்கடல்ல ஆக்சிஜனை யார் தின்னு தீர்க்கறாங்கங்கற கேள்வியைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். நான் விஞ்ஞானி இல்லைங்க. டிகிரியில கெமிஸ்ட்ரி படிச்சுட்டு, வயித்துப்பாட்டுக்கு ஆடிட் பக்கம் ஒதுங்கினவன். பத்தொன்பது வருஷமா அடுத்தவங்க கணக்கைப் பார்த்து டிக் அடிக்கறதுதான் பொழப்பு. ராத்திரி சாப்பாடு ஆனதும் கடல் பத்தின கட்டுரைகளைத் தேடிப் படிக்கற பைத்தியம் மட்டும் விடலை. "அந்தக் கடல்ல அப்படி என்னதான் இருக்கு?"ன்னு வீட்டுல கேட்பாங்க. அங்கேயும் கணக்குதான் இருக்கு. என்ன, லெட்ஜர் கொஞ்சம் பெருசு :)

முதல்ல வரவு. ஆழ்கடலுக்கு ஆக்சிஜன் வரவு ஒரே ஒரு வழியாத்தான். கீழே வெளிச்சம் கிடையாது, அதனால பாசி கிடையாது, உற்பத்தி கிடையாது. தண்ணி மேல இருக்கும்போது காத்துல இருந்து எவ்வளவு வாங்கிக்குதோ அவ்வளவுதான். கிரீன்லாந்துப் பக்கமும் அன்டார்டிகாவைச் சுத்தியும் குளிர்காலத்துல தண்ணி சில்லிட்டுக் கனமாகி, ஆழத்துக்கு இறங்குது. அப்படி இறங்கின தண்ணிதான் உலகத்துக் கடல்களோட அடியில நகர்ந்துகிட்டே இருக்கு. வட பசிபிக்கோட ஆழத்துக்கு வந்து சேர ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகுது. ஆயிரம் வருஷப் பயணத்துக்கு ஒரே ஒரு கட்டுச்சோறு. வழியில ஹோட்டல் கிடையாது.

இனிமேல் நம்பர் வரும். கடல்காரங்க ஒரு கிலோ தண்ணிக்கு இத்தனை மைக்ரோமோல்னு சொல்வாங்க. நாம அதை 'யூனிட்'னு வெச்சுக்குவோம், படிக்க சுலபம். பூஜ்யம் டிகிரி கடல் தண்ணி சுமார் 350 யூனிட் ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். நம்ம ஊர்க் கடல் மாதிரி 28 டிகிரி வெதுவெதுப்புல சுமார் 200தான். அதனால அடியில இருக்கற தண்ணியோட வெப்பநிலையும் உப்பும் தெரிஞ்சா, அது கிளம்பும்போது எவ்வளவு கட்டிகிட்டு வந்திருக்கும்னு கணக்குப் போடலாம். இப்ப கையில எவ்வளவு இருக்குன்னு அளந்து கழிச்சா, செலவு வந்துடும். ஓபனிங் பேலன்ஸ், க்ளோசிங் பேலன்ஸ், வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்கு ஏ.ஓ.யூ.ன்னு பேர். கிளம்பும்போது தண்ணி முழுசா நிரம்பித்தான் கிளம்பிச்சுங்கற அனுமானம் இதுல ஒளிஞ்சிருக்கு. அது எப்பவும் அப்படியே இருக்காது, ஆனா வேலைக்கு ஆகும்.

அந்த க்ளோசிங் பேலன்ஸை எப்படி அளக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரே சந்தோஷம். லாயோஷ் விங்க்லர்னு ஒரு ஹங்கேரிக்காரர் 1888-ல கண்டுபிடிச்ச அதே டைட்ரேஷன்தான். காலேஜ்ல நாங்க குளத்துத் தண்ணியை வெச்சு செஞ்சிருக்கோம். மாங்கனீஸ் உப்பும் அயோடைடு கலந்த காரமும் விட்டதும் பழுப்பா ஒரு வீழ்படிவு வரும். அமிலம் விட்டா அது கரைஞ்சு மஞ்சளாகும். ஸ்டார்ச் சேர்த்தா கருநீலம். அப்புறம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டா விட்டுகிட்டே வந்தா ஒரு சொட்டுல பட்டுனு நிறம் போயிடும். அந்தச் சொட்டுதான் விடை. இன்னிக்கு விதவிதமா சென்சார் வந்தாச்சு, கடல்ல தானா மிதந்து அளக்கற கருவிகள் வந்தாச்சு. ஆனாலும் அந்த சென்சார் சரியாப் பேசுதான்னு பார்க்க, கப்பல்ல இன்னமும் விங்க்லரைத்தான் கூப்பிடறாங்க.

சரி, செலவு என்ன? சாப்பாடுதான். மேல வெளிச்சத்துல பாசிகள் வளருது. அதுல ஒரு பகுதி செத்த செல், மீன் கழிவு, சளி மாதிரி கசடுன்னு துணுக்குகளா கீழே விழுது. கடற்பனின்னு சொல்வாங்க. இன்னொரு பகுதி தண்ணியிலேயே கரைஞ்சு, தண்ணி எங்க போகுதோ அங்க போகுது. ரெண்டையும் பாக்டீரியா தின்னுது, தின்னா மூச்சு விடணும், மூச்சு விட்டா ஆக்சிஜன் செலவு. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டுங்கற அமெரிக்கர் வழியில வந்த பழைய கணக்குப்படி 106 கார்பன் எரிய 138 ஆக்சிஜன் வேணும். அதாவது ஒரு யூனிட் கார்பனுக்கு 1.3 யூனிட் ஆக்சிஜன். பின்னாடி வந்தவங்க இதைக் கொஞ்சம் ஏத்தினாங்க, நமக்கு இது போதும்.

விழறதா, கரைஞ்சதாங்கறது வெட்டிக் கேள்வி இல்லை. விழற துணுக்கு தண்ணியை விட்டுட்டு நேரா கீழே போகும், நாளைக்குப் பல பத்து மீட்டர், சில சமயம் நூறைத் தாண்டியும். அது எந்த ஆழத்துல தின்னப்படுதோ அந்த ஆழத்துத் தண்ணி தலையில செலவு விழும். கரைஞ்சது அப்படி இல்லை. அது தண்ணியோடவே பயணம் பண்ணும், அந்தத் தண்ணியோட கட்டுச்சோத்துல இருந்தே செலவழிக்கும். கடல் எவ்வளவு கார்பனை எவ்வளவு காலம் கீழே பூட்டி வைக்கும், எங்க ஆக்சிஜன் தீரும்னு கணிக்கறவங்களுக்கு இந்த ரெண்டு பத்தும் தனித்தனியாத் தெரிஞ்சே ஆகணும்.

இந்தக் கரைஞ்ச கரிமப்பொருளைப் பத்தி ரெண்டு வார்த்தை. 'கரைஞ்சது'ன்னா என்ன? சல்லடைதாங்க வரையறை. 450 டிகிரியில சுட்டெடுத்த கண்ணாடி இழை வடிகட்டி, ஓட்டை சுமார் 0.7 மைக்ரான். அதுல மாட்டினது துணுக்கு, தப்பிச்சு இறங்கினது கரைஞ்சது. வைரஸ்கூட இறங்கிடும், அதுவும் கரைஞ்சதுல சேர்த்திதான்! மேல் கடல்ல 60, 80 யூனிட் கார்பன் இந்த வகையில இருக்கும். ஆழத்துல 40-ஐ ஒட்டி. இது எவ்வளவு சின்னதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தெருவுக்கு வர்ற தண்ணி லாரியில 12,000 லிட்டர் ஆழ்கடல் தண்ணியை நிரப்பினா, அதுல இருக்கற கரிமக் கார்பன் மொத்தம் ஆறு கிராம்கூட வராது. மூணு டீஸ்பூன் சர்க்கரையில இருக்கற கார்பன். லாரி முழுக்க அவ்வளவுதான்.

ஆனா கடல் பெருசாச்சே. மொத்தம் கூட்டினா சுமார் 66,200 கோடி டன் கார்பன். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல கரியமில வாயுவா இருந்த மொத்தக் கார்பனையும் விட அதிகம். இன்னிக்குக் காத்துல இருக்கறதுல ஏறக்குறைய முக்கால் பங்கு. லாரிக்கு மூணு ஸ்பூன்ல ஒரு ஸ்பூன் கூடக் குறைய அளந்தா எத்தனை கோடி டன் இடிக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க.

இடிச்சது. அந்தக் கதைக்காகத்தான் இந்தப் பதிவே.

1988-ல ஜப்பானைச் சேர்ந்த யூகியோ சுகிமுரா, யோஷிமி சுசுகி ரெண்டு பேரும் 'மரைன் கெமிஸ்ட்ரி' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுவரைக்கும் கடல் தண்ணியில கரைஞ்ச கரிமத்தை அளக்க பெர்சல்பேட் மாதிரி ரசாயனத்தைப் போட்டோ, புற ஊதா ஒளியைக் காட்டியோ எரிப்பாங்க. இவங்க தண்ணியைத் துளித்துளியா எடுத்து, பிளாட்டினம் பூசின வினையூக்கி நிரப்பின குழாய்ல, 680 டிகிரி சூட்டுல நேரா விட்டாங்க. வெளியே வர்ற கரியமில வாயுவை அளந்தாங்க. விடை? பழைய ஆட்கள் அளந்ததைவிடப் பல மடங்கு. பழைய முறைகள் எரிக்க முடியாம விட்டுட்ட ஒரு பெரிய சரக்கு கடல்ல இருக்குன்னு அர்த்தம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருந்தது. அவங்களோட புது எண்ணை ஒரு அச்சுலயும், அந்தத் தண்ணியில செலவான ஆக்சிஜனை இன்னொரு அச்சுலயும் வெச்சா, அழகா ஒரு சாய்கோடு. ஆக்சிஜன் செலவு ஏற ஏற கரைஞ்ச கரிமம் குறையுது. ஆக, ஆழ்கடல் ஆக்சிஜனைத் தின்னுட்டு இருக்கறது விழற துணுக்கு இல்லை, கரைஞ்ச சரக்குதான்! கரைஞ்ச கார்பன்ல 100 யூனிட் குறைஞ்சாலே 130 யூனிட் ஆக்சிஜன் செலவுக்கு வவுச்சர் கிடைச்சிடுது பாருங்க. கணக்கு டேலி.

கடல் உலகமே பரபரப்பாச்சு. கணினியில கடல் மாதிரி ஓட்டறவங்களுக்கு ஏற்கெனவே ஒரு குடைச்சல். எல்லாமே துணுக்காத்தான் விழுதுன்னு வெச்சா, நிலநடுக்கோட்டுப் பக்கம் ஊட்டச்சத்து நிஜத்துல இருக்கறதைவிட அதிகமாச் சேர்ந்து நின்னுச்சு. ஒரு பங்கு கரைஞ்சு போகுதுன்னு வெச்சா அந்தக் குடைச்சல் தணிஞ்சது. வேண்டிய நேரத்துல வேண்டிய எண் வந்து வாசல்ல நின்னா யார்தான் கதவைச் சாத்துவாங்க?

ஆடிட்ல நான் சேர்ந்த புதுசுல எங்க சீனியர் ஒருத்தர் சொல்வார். இடிக்கற கணக்கை ஒருதரம் பாரு, பைசா சுத்தமா டேலி ஆகற கணக்கை ரெண்டுதரம் பாருன்னு. அந்தச் சாய்கோட்டைப் பத்திப் படிச்சப்ப எனக்கு அவர் ஞாபகம்தான். முப்பது வருஷம் கழிச்சு, முடிவு தெரிஞ்சுகிட்டு உக்காந்து இப்படிச் சொல்றது ரொம்ப சுலபம்னும் தெரியும். 1988-ல அந்த கிராஃபைப் பார்த்திருந்தா நானும் வாயைப் பொளந்திருப்பேன்.

பிரச்சினை எங்கேன்னா, அவங்க எண்ணை வேற யாராலயும் திரும்ப எடுக்க முடியலை. ஒவ்வொரு லேபும் அதே மாதிரி கருவி செஞ்சு பார்த்தது. ஒருத்தருக்கு நிறைய வரும், ஒருத்தருக்குக் கொஞ்சம்தான் வரும். 1991 ஜூலையில அமெரிக்காவுல சியாட்டில்ல எல்லாரையும் கூட்டி வெச்சு ஒரு பட்டறை நடத்தினாங்க. அங்கயும் அதைச் சுத்தியும் நடந்த வேலையில வெளியே வந்த பெரிய குற்றவாளி, 'பிளாங்க்'.

மண்டியில சரக்கு நிறுத்தா சாக்கு எடையைக் கழிப்பாங்க இல்லையா, அதான் பிளாங்க். வினையூக்கி, குழாய், பாட்டில், எல்லாத்துலயும் கொஞ்சம் கார்பன் ஒட்டிகிட்டிருக்கும். வெறும் தண்ணியை விட்டாக்கூட கருவி ஒரு எண்ணைக் காட்டும். அதைக் கழிக்கணும். ஆனா கழிக்கறதுக்கு கார்பனே இல்லாத தண்ணி வேணுமே? நாம காய்ச்சி வடிக்கற தண்ணியிலயும் கொஞ்சம் கார்பன் இருக்கு. கருவி காட்டற எண்ல எது சாக்கு, எது தண்ணி? சரக்கு 40 யூனிட். சாக்கும் கிட்டத்தட்ட அதே எடைக்கு வரலாம். மண்டியில நூறு கிலோவுக்கு முக்கால் கிலோ சாக்குன்னா பரவாயில்லை. இது தங்கக் கடையில சாக்கோட தராசுல வெச்ச கதை.

அந்தப் பட்டறையோட கட்டுரைகள் 1993-ல அதே 'மரைன் கெமிஸ்ட்ரி'யில வந்தது. அதே இதழ்ல யோஷிமி சுசுகி ஒரு சின்னக் குறிப்பு எழுதி, தங்களோட பழைய முடிவுகளைத் திரும்ப வாங்கிகிட்டார். முந்தைய கட்டுரையோட நீளத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. உலகம் முழுக்க லேபுகளை அஞ்சு வருஷம் ஓட வெச்ச ஒரு எண்ணுக்கு, கண்டுபிடிச்சவர் கையாலேயே சிவப்புக் கோடு.

இங்க கொஞ்ச நேரம் நிக்கறேன், மன்னிச்சுக்குங்க. என் தொழில்ல நான் பார்த்த வரைக்கும், கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட்டை "அது சரியில்லை, எடுத்துடுங்க"ன்னு தானா வந்து சொன்ன ஆளை நான் ஒரே ஒருதரம்தான் பார்த்திருக்கேன். மத்தவங்க எல்லாம் அடுத்த வருஷக் கணக்குல சத்தமில்லாம அட்ஜஸ்ட் பண்ணுவாங்க. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுன்னு ஒரு குடோன் எதுக்கு இருக்கு? சுசுகிக்கும் அந்த வழி இருந்தது. பேசாம இருந்திருக்கலாம். 'எங்க கடல் பகுதி வேற, உங்க கடல் பகுதி வேற'ன்னு பத்து வருஷம் இழுத்திருக்கலாம். அந்த மனுஷன் இழுக்கலை. அந்தக் குறிப்பை எழுதறதுக்கு முன்னாடி ராத்திரி அவர் தூங்கியிருப்பாரான்னு எனக்கு ஒரு யோசனை.

இதுல ஒரு வேடிக்கை. எண் போச்சு, முறை போகலை. பிளாட்டினம் வினையூக்கி, சூடான குழாய், இன்னிக்கு உலகம் முழுக்க கடல் லேபுகள்ல ஓடறது அந்த வகைக் கருவிதான். சாக்கு எடையை ஒழுங்காக் கழிக்கக் கத்துகிட்டாங்க, அவ்வளவுதான். மயாமி பல்கலைக்கழகத்துல டென்னிஸ் ஹான்சலோட லேப், அளந்து முத்திரை குத்தின ஆழ்கடல் தண்ணியையும் கார்பன் ஏறக்குறைய இல்லாத தண்ணியையும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்ல அடைச்சு மத்த லேபுகளுக்கு அனுப்புது. காலையில கருவியை ஆன் பண்ணினதும் முதல்ல அந்தக் குப்பித் தண்ணியை விடணும். 40-ஐ ஒட்டின அந்த முத்திரை எண் வரலைன்னா அன்னிக்கு வேலை கிடையாது. முத்திரைப் படிக்கல் மாதிரி.

சரி, நிஜமான கணக்கு என்னன்னு பார்த்துடுவோம். வட அட்லாண்டிக் ஆழத்துல கரைஞ்ச கார்பன் சுமார் 48 யூனிட், பயணத்தோட கடைசியில வட பசிபிக் ஆழத்துல 34. குறைஞ்சது 14. 1.3-ஆல பெருக்கினா 18 யூனிட் ஆக்சிஜன். ஆனா அந்தப் பயணத்துல ஆக்சிஜன் சுமார் 270-ல இருந்து 140 பக்கம் இறங்குது. 130 செலவுல 18-க்குத்தான் கரைஞ்ச சரக்கு பொறுப்பு, ஏழுல ஒரு பங்கு. இது நான் பேப்பர்ல போட்ட உத்தேசம். 2002-ல ஹாவியர் அரிஸ்டெகியும் கூட இருந்தவங்களும் உலகக் கடல்களோட அளவுகளைச் சேர்த்து 'சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க: இருட்டுக் கடல்ல செலவான ஆக்சிஜன்ல கரைஞ்ச கரிமத்தோட பங்கு சுமார் 10 சதவீதம். மீதியெல்லாம் விழற துணுக்குகளோட கணக்கு. ராஜான்னு நினைச்சவர் குமாஸ்தாவா நின்னுட்டார்.

எனக்கு அதுக்கப்புறம்தான் தூக்கம் வரலை. செலவான 14-ஐ விடுங்க. செலவாகாத 34 என்ன பண்ணுது அங்க? ஆக்சிஜன் இருக்கு, பசியோட பாக்டீரியா இருக்கு, முன்னாடி சாப்பாடு இருக்கு. ஏன் தின்னலை?

பீட்டர் வில்லியம்ஸ், எலன் ட்ரஃபல் ரெண்டு பேரும் 1987-ல வட பசிபிக் நடுவுல எடுத்த ஆழத்துத் தண்ணியில இருந்த இந்தக் கரைஞ்ச கார்பனுக்கு ரேடியோகார்பன் வயசு பார்த்தாங்க. சுமார் 6,000 வருஷம். கடல் ஒருதரம் கலந்து முடியவே ஆயிரம் வருஷம் சொச்சம்தான். அப்படின்னா இந்த மூலக்கூறுகள்ல பல, மேல வந்து, வெயில்ல நின்னு, திரும்ப அடிக்குப் போயின்னு பல சுத்து சுத்தியிருக்கு. யாரும் தொடலை.

ஒரு கட்சி சொல்றது: பாக்டீரியா தின்னு துப்பின சக்கைதான் இது, இனிமே சாறு இல்லை. சீனாவைச் சேர்ந்த நியான்ஷி ஜியாவும் மத்தவங்களும் 2010-ல இதுக்கு 'நுண்ணுயிர் கார்பன் பம்ப்'னு பேர் வெச்சாங்க. இன்னொரு கட்சி சொல்றது: சாப்பாடு கெட்டுப் போகலை, ரொம்ப நீர்த்துப் போயிருக்கு. ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறு, ஒவ்வொண்ணும் அணு அளவு. தேடிப் பிடிக்கற செலவு தின்னா வர்ற வரவைவிட அதிகம். 2015-ல ஹெசுஸ் அரியெட்டா குழு ஆழ்கடல் தண்ணியில இருந்து இந்தச் சரக்கைப் பிரிச்செடுத்து, அடர்த்தியாக்கி, அதே ஆழத்துப் பாக்டீரியாகிட்ட திரும்பக் கொடுத்துப் பார்த்தாங்க. அதுங்க நல்லாவே வளர்ந்துச்சு. லாரித் தண்ணியில மூணு ஸ்பூன் சர்க்கரை. டம்ளர்ல போட்டுக் கொடுத்தா குடிப்பீங்க இல்லையா. ரெண்டு கட்சியும் இன்னும் பேசிகிட்டுதான் இருக்காங்க. எனக்கென்னவோ ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சரின்னு படுது.

ஒரு பேச்சுக்கு, அந்த 40 யூனிட்டும் ஒருநாள் தின்னப்பட்டா? 52 யூனிட் ஆக்சிஜன் போகும். பசிபிக் ஆழத்துல 140 இருக்கற இடம் 90 ஆகும், சமாளிச்சிடும். ஆனா எல்லா இடமும் அப்படி இல்லை. சென்னைக் கடற்கரையில நின்னு பார்த்தா தெரியற இதே வங்காள விரிகுடாவுல, நூறு இருநூறு மீட்டர் ஆழத்துல இருந்து அறுநூறு மீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே அடிமட்டத்துல இருக்கு. கங்கையும் பிரம்மபுத்ராவும் கொட்டற நல்ல தண்ணி மேல மூடி மாதிரி உக்காந்துகிட்டு, காத்து கீழே கலக்க விடறதில்லை. ஆறுகள் கொண்டு வர்ற மண் துகள்கள் துணுக்குகளோட ஒட்டிகிட்டு அதுங்களைச் சீக்கிரம் அடிக்கு இழுத்துட்டுப் போறதாலதான் அங்க நடுவுல ஆக்சிஜன் முழுசாத் தீராம இருக்குன்னு ஒரு விளக்கமும் சொல்றாங்க. எது விழுது, எது கரைஞ்சு நிக்குதுங்கற அதே பழைய கேள்வி, நம்ம வாசல்லயே.

2017-ல லாரா பிரிஸ்டோ தலைமையில, கோவாவுல இருக்கற தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரங்களும் சேர்ந்து, அங்க எவ்வளவு மிச்சம்னு ரொம்ப நுணுக்கமா அளந்தாங்க. லிட்டருக்கு 10-ல இருந்து 200 நானோமோல். நம்ம யூனிட்ல அதிகபட்சம் 0.2. மேல் தண்ணியில இருக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்கு. சாதாரண சென்சார்ல பூஜ்யம்னே காட்டும். ஆனா அந்த நூலிழை மிச்சம் இருக்கற வரைக்கும், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்தி வெளியே விடற பாக்டீரியாக்கள் பெருசா ஆட்டம் போட முடியாதுங்கறது அவங்க முடிவு. 1960-ல இருந்து உலகக் கடல்கள் ரெண்டு சதவீதத்துக்கும் மேல ஆக்சிஜனை இழந்திருக்குன்னு அதே 2017-ல இன்னொரு குழு கணக்குக் கொடுத்தது. தண்ணி சூடாகச் சூடாகக் கட்டுச்சோறும் சின்னதாகுது, கீழே இறங்கற வண்டியும் மெதுவாகுது.

வங்காள விரிகுடாவோட பேலன்ஸ் 0.2. இந்தத் தடவை பிளாங்க்கை ஒழுங்காக் கழிச்சுட்டுத்தான் எழுதியிருக்காங்க.